சொந்தக்காரப் பெட்டிகள்

என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதனைப் போலப் பயந்த ஆளை விருத்தாசலம் தாலுகா முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். மாடு முட்டும் என்று பயப்படலாம், தப்பில்லை. கட்டிப்போட்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தன்னைத் தேடி வந்து முட்டும் என்று பயப்படுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரயிலுக்குப் போனால் ஊருக்கு முன்னால் ஜங்ஷனில் போய் உட்கார்ந்திருப்பார். வண்டி வந்து நின்றதும் இது நம் வண்டிதானா என்று சந்தேகம் வந்துவிடும். பெட்டிக்குள் இருக்கிறவர்களையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார்.

எங்கள் வாசல் கிரில்லுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு, வெளிப்பக்கம் ஒரு பூட்டு. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்.

"எடுத்துப் பேசுனா கடிச்சா வச்சிடுவான்?" என்று கேட்பேன்.

"உனக்குத் தெரியாது சுலோச்சனா. ஹலோன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், கணக்குல இருக்கறத வழிச்சிக்கிட்டுப் போயிடுவான்."

எங்கள் கணக்கைப் பார்த்தால் அந்தத் திருடனே மனசு நொந்து நாலு காசு போட்டுவிட்டுப் போவான். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அவர் எனக்கு அத்தை மகன். வெளியூர் போய்ப் பெண் பார்க்கப் பயந்துதான் அக்காவைக் கட்டிக்கொண்டார் என்று என் தம்பி அறிவழகன் இன்றைக்கும் கிண்டல் செய்வான். அதில் பாதி உண்மை இருக்கிறது.

தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற ஒரு கம்பெனியில் அவர் சூளை பார்க்கிறார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை, சூளைக்குக் காற்று ஊதுகிற புளோயர் பாதியில் நின்றுபோனது. இருந்தது அந்த ஒரு புளோயர்தான். உள்ளே வெந்துகொண்டிருந்த சரக்கு அத்தனையும் கீறல் விட்டுப் போனது. தப்பு அவருடையது இல்லை, முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் மனிதர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து, "ஒண்ண மட்டும் நம்பி எதுவுமே இருக்கக் கூடாது" என்பதுதான் அவர் வாயில் வரும் மந்திரம். வீட்டில் எல்லாவற்றிலும் இரண்டு வேண்டும். டார்ச் இரண்டு, குடை இரண்டு, சிலிண்டர் இரண்டு. பொண்டாட்டி மட்டும்தான் ஒன்று. அதுவும் இன்னொன்றுக்குத் தைரியம் வராததால்.

இப்படிப்பட்டவர் பிட்காயினில் போய் விழுந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவரை இழுத்ததும் அதே பயம்தான். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து கண் பளபளக்கச் சொன்னார். "இதுக்கு ஹெட் ஆபீசுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. மொத்தக் கணக்கும் ஒலகம் பூரா ஆயிரக்கணக்கான வூட்டுல அப்படியே காப்பியா இருக்குது. ஒருத்தன் வூட்டுல கரண்டு போனா இன்னொருத்தன் வூட்டுல ஓடும். அணைக்கவே முடியாது சுலோச்சனா, யாராலயும்!"

காயின் வாங்கவில்லை. அதற்குப் பயம். அந்தக் கணக்கின் காப்பியை வைத்துக் காக்கிற பெட்டியைத்தான் வாங்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு டிஸ்க், ஒரு சின்னத் திரை. பிரிட்ஜ் மேல் இடம் பிடித்துக்கொண்டது.

"இதுல நமக்கு என்னா வரும்?"

"ஒண்ணும் வராது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கண்றாவி?"

"அறுந்து போவாம இருக்கறதுக்கு. நம்மள மாதிரி பொட்டி எத்தினி இருக்குதோ, எத்தினியோட கைகோத்துக்கிட்டு இருக்குதோ, அந்த அளவுக்கு அது கெட்டி."

பெட்டிக்கு உண்டான வேலை இதுதான்: மற்ற பெட்டிகளோடு பேச வேண்டும், யார் யாருக்குக் காயின் அனுப்பினார்கள் என்ற சேதியைக் கேட்டு, சரிபார்த்து, அடுத்த பெட்டிக்குச் சொல்ல வேண்டும். உலகத்தில் எங்கேயோ யாரோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போல அந்தக் கணக்கில் ஒரு புதுப் பக்கம் எழுதுகிறார்கள். பக்கத்தில் ஏறிய சேதிதான் உறுதி. ஏறாத சேதி வெறும் வாய்ப்பேச்சு. புதுப் பக்கம் வந்து சேரும்போதெல்லாம் 'டிங்' என்று ஒலிக்கும்படி அமைத்து வைத்திருந்தார். சாதம் வடிக்கும்போது டிங், சீரியல் பார்க்கும்போது டிங். கோயில் மணிக்காவது நேரம் காலம் உண்டு.

சரி, ஆசைப்பட்டது நடந்ததே என்று நிம்மதியாக இருந்தாரா என்றால் இல்லை. பெட்டி யார் யாரோடு பேசுகிறது என்று திரையில் பார்த்ததும் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"ஒருத்தன் ஜெர்மனி. ஒருத்தன் பிரேசிலு. ஒருத்தன் எந்த ஊருன்னே காட்டல. யாருன்னே தெரியாதவனுங்க நம்ம பிரிட்ஜ் மேல உக்காந்து பேசிட்டிருக்கானுங்களே!"

"நீங்கதான கைகோக்கணும்னு சொன்னீங்க?"

"தெரிஞ்சவங்களோட கோத்தா என்னா?"

அந்த வருஷத்து போனஸ் அதில் போனது. கம்மாபுரத்தில் என் தம்பி வீட்டில் ஒரு பெட்டி, ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தப்பா வீட்டில் ஒன்று, மங்கலம்பேட்டைப் பெரியம்மா வீட்டில் ஒன்று, ஊருக்குள்ளேயே பங்காளிகள் வீட்டில் இரண்டு. எங்களுடையதோடு ஆறு. திரையில் ஜெர்மனி, பிரேசில் எல்லாம் போய் 'சித்தப்பா', 'பெரியம்மா', 'மச்சான்' என்று வந்தது. இவர்களோடு மட்டும்தான் பேச வேண்டும், வேறு யாரோடும் கூடாது என்று பெட்டிக்குக் கட்டளை போட்டார். எங்கள் ஜனம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சொந்தத்துக்குள். பெட்டியும் அப்படியே ஆகிப்போனது.

ஆனால் வெளி உலகத்துச் சேதி உள்ளே வர ஒரு வாசலாவது வேண்டுமே. அந்த வாசலை எங்கள் வீட்டில் வைக்கவில்லை. என் தம்பி பெட்டியை மட்டும் வெளியாட்களோடு பேச விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தெரியாதவன் வந்து கடிப்பதாக இருந்தால் என் தம்பியைக் கடிக்கட்டுமாம்! கேட்டால், "அறிவு தைரியசாலி" என்றார். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்று உருப்போட்ட மனிதர் ஆறு பெட்டியையும் ஒரே வாசலில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அவருடைய அக்கா பானுமதி, எனக்கு அண்ணி. புருஷன் போன பிறகு தனியாளாக ஒரு கொட்டகை போட்டு, நாலு பெண்களை வைத்துப் பீங்கானில் கொலு பொம்மை செய்கிறார். நான் அங்கே பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டுகிற வேலைக்குப் போகிறேன். போன ஆவணியில் ஒருத்தர் பாண்டிச்சேரியிலிருந்து வந்தார். வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவராம். மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பணம் பிட்காயினாகத்தான் தருவேன் என்றார். வழக்கமாக எடுக்கிற வியாபாரிகள் சரக்கை இன்றைக்கு ஏற்றிக்கொண்டு போய்ப் பொங்கலுக்குப் பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். இவரோ கையோடு தருகிறேன் என்கிறார். வாங்கிய காயினை மறுநாளே ரூபாயாக மாற்றிவிடலாம் என்று அறிவழகன் தைரியம் சொன்னான்.

அண்ணி என் வீட்டுக்காரரைக் கேட்டார். "வந்துடுச்சா இல்லியான்னு நீ பாத்துச் சொல்லிடுவியா கொளஞ்சி?"

"அதுக்குத்தாங்க்கா பொட்டியே வச்சிருக்கேன்" என்றார். அவர் அவ்வளவு நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

அந்த நாள் வந்தது. அண்ணியின் ஒரு வருஷத்து உழைப்பு ஒரு குட்டியானை வண்டியில் ஏறியது. மழை கருக்கிக்கொண்டிருந்தது. பாண்டிச்சேரிக்காரரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு பூட்டையும் திறந்து ஒரு வெளியாளை உள்ளே விடும்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளியில் எந்த வழியாக அனுப்பினாலும் நம்பமாட்டேன் என்று சொல்லி, வந்தவர் போனை எங்கள் வைஃபையில் சேர்த்து எங்கள் பெட்டி வழியாகவே அனுப்பச் சொன்னார். அனுப்பினார். திரையில் சேதி வந்தது.

"வந்துடுச்சு. ஆனா பக்கத்துல இன்னும் ஏறல. கொஞ்சம் இருக்கணும்" என்றார் இவர்.

இருந்தோம். டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளர் காலியானது, பக்கம் ஏறவில்லை. சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும் என்பது தெரிந்ததுதான். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். முதல் தூறல் விழுந்தது. அட்டைப்பெட்டி நனைந்தால் வைக்கோல் ஊறும், ஊறினால் பொம்மை ஒன்றோடொன்று இடிக்கும். அண்ணி தவித்துப் போனார்.

"உன் பொட்டியில தெரியுதுல்ல? அப்புறம் என்னாடா?"

இவர் போனை எடுத்து ஒவ்வொரு சொந்தமாகக் கூப்பிட்டார். சித்தப்பா வீட்டில் தெரியுது என்றார்கள். பெரியம்மா வீட்டில் தெரியுது என்றார்கள். பங்காளிகள் இரண்டு பேர் வீட்டிலும் தெரியுதாம். அறிவழகன் மட்டும் போனை எடுக்கவில்லை.

"அம்மாம்பேரும் சொல்றாங்க. நம்ம ஜனம் பொய்யா சொல்லும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "அனுப்புக்கா" என்றார். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. அவர் தோசை தின்றுகொண்டிருந்தார். வீடு என்னவோ போல் இருந்தது. என்ன என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது.

"ஏன் மாமா, இன்னிக்கு உங்க பொட்டி சத்தமே போடலயே?"

தோசையோடு போன கை பாதியில் நின்றது. எழுந்து பெட்டியிடம் போனார். திரையைப் பார்த்தார். கை கழுவாமலே அதைத் தொட்டதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. சாமி படத்தைக்கூட அப்படித் தொடுவார், அந்தப் பெட்டியைத் தொடமாட்டார்.

"காலையிலேர்ந்து ஒரு பக்கங்கூட வர்ல" என்றார்.

அறிவழகனை நான் கூப்பிட்டேன். இப்போது எடுத்தான். பின்னால் டிராக்டர் சத்தம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தில் அவன் வீடும் போகிறது, அடுத்த வாரம் காலி செய்வதாக இருந்தான்.

"மழ வருதேன்னு இன்னிக்கே சாமான மாத்திட்டேன்க்கா. பொட்டியா? அது அண்டாக்குள்ள பொடவ சுத்தி பத்தரமா இருக்குது. இந்தப் புது வூட்டுல நாளைக்குத்தான் கரண்டு குடுப்பாங்க. ஏன், எதுனா அவசரமா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உலுக்கிக் கேட்ட பிறகு சொன்னார். வாசல் காலையிலேயே அடைந்துவிட்டது. பாண்டிச்சேரிக்காரர் அனுப்பியது எங்கள் பெட்டிக்கு வந்தது, எங்கள் பெட்டி சித்தப்பாவுக்குச் சொன்னது, சித்தப்பா பெரியம்மாவுக்குச் சொன்னார். அத்தனை பேரும் தெரியுது தெரியுது என்று சொன்னது எங்கள் பெட்டி சொன்னதைத்தான். வெளி உலகத்தில் ஒரு பெட்டிக்குக்கூட அந்தச் சேதி போகவில்லை.

"அப்படின்னா?"

"அப்படின்னா அக்காவுக்குக் காயின் இன்னும் வரவே இல்ல. அந்த ஆளு நெனச்சா அதே காயின வெளியில வேற யாருக்காச்சும் குடுத்துடலாம். அது பக்கத்துல ஏறிடுச்சுன்னா நம்மளது செல்லாது."

அந்த ஆளின் போனுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. அண்ணிக்கு அந்தச் சரக்கை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. கொட்டகை போகும், நாலு பெண்களின் கூலி போகும். அதைவிட, இந்த மனிதர் இதற்குப் பிறகு உயிரோடு நடமாடுவாரா என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். சிரித்த முகம். "வாயத் தொறடா" என்று ஒரு ஜாங்கிரியை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான், இவர் ஓவென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீட்டிய ஜாங்கிரியைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

"நீ சொன்னியேடா" என்றார். பிறகு, "மணவாளநல்லூருக்குப் போறேன். கோயில் நட சாத்தியிருக்க மாட்டாங்க. பிராது கட்டிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு, கோர்ட்டுக்குப் பயப்படாதவன் உண்டு. கொளஞ்சியப்பர் கோயிலில் தன் பேரில் பிராது கட்டிவிட்டார்கள் என்று கேட்டால் சோறு இறங்காது. நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தால் சாமி பாதத்தில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதைச் சாமி கேட்டுக்கொள்ளும். இவரோ அந்தச் சாமியிடம் வேண்டிப் பிறந்து, அந்தச் சாமி பேரையே வைத்துக்கொண்டவர்.

"எம் பேருல கட்டுவாளா சுலோச்சனா? எங்க அக்கா எம் பேருல கட்டுவாளா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார்.

எனக்கும் அழுகை முட்டியது. ஆனால் எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இப்ப என்னா செய்யலாம்னு சொல்லுங்க. அழுவறத அப்புறம் அழுவலாம்."

"வெளியாளுங்களோட பேசணும். அறிவு பொட்டி இல்லாம முடியாது."

"ஏன், நம்ம பொட்டிக்கு வாய் இல்லியா?"

"நம்ம வூட்டுலயா? யாரு எவருன்னு தெரியாதவன்..."

"தெரிஞ்சவங்க எல்லாரும் சேந்துதான மாமா இன்னிக்கு உங்களக் குழியில தள்ளுனாங்க? தெரியாதவன் இதுக்கு மேல என்னா செஞ்சிடப் போறான்? தொறங்க!"

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவர்களோடு மட்டும் பேசு என்று கட்டளை போட்டிருந்த இடத்தில் அந்தப் பேர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தார். சித்தப்பா போனார். பெரியம்மா போனார். பங்காளிகள் போனார்கள். 'மச்சான்' என்ற இடம் வந்ததும் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையாட்டினேன். அதையும் அழித்துவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டார்.

திரையில் பூஜ்யம் என்று வந்தது. எங்களோடு பேச உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. பிரசவத்துக்குப் போனபோதுகூட இல்லை.

பூஜ்யம் ஒன்றானது. பிறகு இரண்டு. எந்த ஊரோ, யார் வீடோ. ஒருத்தர் பேரும் இல்லை, வெறும் நம்பர்கள். அவர்கள் எங்களை யார் என்று கேட்கவுமில்லை.

டிங்.

துள்ளி விழுந்தேன். டிங், டிங், டிங் என்று காலையிலிருந்து வராத பக்கங்கள் எல்லாம் வரிசை கட்டி வர ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் முகமோ இன்னும் வெளுத்துப்போனது.

"என்னா மாமா, அதான் வருதுல்ல?"

"இதுல ஏதோ ஒரு பக்கத்துலதான் அந்த ஆளு வேற யாருக்காச்சும் குடுத்தது ஏறியிருக்கும். அது வந்துச்சுன்னா நம்மளது அழிஞ்சிடும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிங்கும் நெஞ்சில் விழுந்தது. வரட்டும் என்றும் இருந்தது, வராமல் போகட்டும் என்றும் இருந்தது. அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. இதோ அழியப் போகிறது, இதோ அழியப் போகிறது என்று திரையையே பார்த்தோம். கடைசியில் சத்தம் நின்றது. எல்லாப் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. அண்ணிக்கு அனுப்பிய சேதி அழியாமல் அப்படியே இருந்தது.

"இப்பத்தான் வெளியில சொல்லியிருக்குது. அவங்க வாங்கி அடுத்தவங்களுக்குச் சொல்லணும். அடுத்த பக்கத்துல ஏறணும். அதுக்குள்ள அந்த ஆளு முந்திக்கிட்டா..."

அப்போது அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். பழக்க தோஷம், கை தானாகப் போய்ப் போனைக் கவிழ்த்தது. எனக்கு வந்த வேகத்தில் பிடுங்கி நான் எடுத்தேன்.

"அம்மா, நான் பாண்டிச்சேரியிலேர்ந்து பேசறேன், ஜெயராஜ். பொம்ம எடுத்துட்டு வந்தேன்ல? எம் போனு மழையில நனஞ்சி செத்துப்போச்சு. டிரைவர் போன்லேர்ந்து மத்தியானத்துலேர்ந்து அடிக்கறேன், சார் எடுக்கவே மாட்டேங்கறாரு. பக்கத்துல ஏறுனாத்தான் அனுப்புவேன்னு சொன்னவரு அவசரமா அனுப்பிட்டாரே, ஏறிச்சான்னு கேக்கத்தாம்மா. நீங்க சொல்லாம சரக்க எறக்கக் கூடாதுன்னு வண்டியிலயே வச்சிருக்கேன்."

அந்த ஆள் பேர் ஜெயராஜ் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். டீ கொடுத்தோம், பேரைக் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் மத்தியானத்திலிருந்து அதே நம்பர். அத்தனை தடவையும் இந்த மனிதர் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

"கொஞ்சம் இருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று பேரும் காத்திருந்தோம். அங்கே அவர், இங்கே நாங்கள். போனில் ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேட்டது. அப்புறம் டிங் என்றது. இவர் திரையில் விரலை வைத்துத் தேடினார். அண்ணியின் சேதி அந்தப் பக்கத்தில் ஏறியிருந்தது.

"எறக்கிக்கோங்க ஐயா" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணிக்குப் போன் செய்தேன். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். பிராது கட்டியாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். பிறகு, "காரியம் முடிஞ்சா வாபஸ் வாங்கணும். காலையில வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

காலையில் ஷேர் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் இவருக்குத் தன் பேர் சாமி பாதத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறதே என்ற நடுக்கம். கோயில் வாசலில் இறங்கியதும் கேட்டேவிட்டார்.

"எம் பேரத்தானக்கா எழுதுன?"

அண்ணி வேறு பக்கம் பார்த்தார். "எழுதத்தான் வந்தேன். கை வரலடா. பாண்டிச்சேரிக்காரன் ஏமாத்திட்டான்னு எழுதிக் குடுத்துட்டேன். அவன் பேருகூடத் தெரியல."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று திரும்பிப் பார்த்தால், மனிதர் முகம் கறுத்து நின்றார்.

"அவரு பேரு ஜெயராஜ்" என்றார். "சரக்க எறக்காம வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாருக்கா."

நேராக உள்ளே போனார். குருக்களிடம், "சாமி, நேத்து கட்டுன பிராதுல ஆளு தப்பா இருக்குது. வாபஸ் வாங்கறதுக்கு முன்னாடி பேர மாத்தணும்" என்றார்.

"காரியம் முடிஞ்சுடுத்துன்னா வாபஸ் வாங்கிட்டுப் போங்கோ. இனிமே பேரை மாத்தி என்ன ஆகப்போறது?"

"என் பேர எழுதணுங்க. விசாரிக்காம வந்துடுச்சுன்னு சொன்னது நான்."

அண்ணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "வேணாம்டா. சாமிக்குத் தெரியாதா? நம்ம ஆளு மேல நாமளே கட்டுவாங்களா?"

"நம்ம ஆளு நம்ம ஆளுன்னு விட்டுத்தாங்க்கா இம்மாந்தூரம் வந்துது."

சொல்லும்போது குரல் ஆடியது. வேட்டி நுனி ஆடியதைக்கூட நான் பார்த்தேன். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குருக்கள், எழுத வேண்டாம், சன்னதியில் நின்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். போய் நின்று சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றோம். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். போனைக் கவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் காதில் வைத்தார்.

"ஹலோ... யாருங்க?"

லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், வெயிலில் நின்று, வியர்க்க வியர்க்கக் கேட்டார். முடிந்ததும், "வேணாம்மா, கூப்புட்டதுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு, நனைந்துபோன போனை என் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.